ஏப்ரல் வெட்டு

ஆர்.கே.புரம், புதுதில்லி
5 ஜனவரி 2025

அன்புள்ள வசு அக்காவுக்கு,

உன் கடித உறையில் முதலில் என் கண்ணில் பட்டது, ஒட்டிய இடத்தில் இருந்த ஒரு விரல் அடையாளம். கருநீலம். மை என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. முகர்ந்து பார்த்தேன். லேசாகப் புளித்த வாடை வந்தது. திராட்சை என்று அப்புறம்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு தேடியது நீ வரும் தேதியை. நான்கு பக்கமும் பார்த்துவிட்டேன். எழுதவில்லை. மறந்திருப்பாய்.

கீழ் வீட்டு சுஜாதா அக்கா கடிதத்தைக் கொடுக்கும்போது, "என்னடி, மாசத்துக்கு ரெண்டு வருது. லவ் லெட்டரா?" என்று கேட்டார். "அக்காதான்" என்றேன். "உங்கக்காவுக்கு மாடி ஏறத் தெரியாதா, எங்க வீட்டு விலாசத்துக்கே அனுப்புறா?" என்றார். நான் சிரித்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். என்ன சொல்வது? அப்பா எல்லாத் தபாலையும் பிரித்துப் பார்ப்பார், உள்ளே ஒயின் என்ற வார்த்தை இருக்கும் என்றா?

போனிலும் பேச முடியவில்லை. நீ கூப்பிட்டதுமே அம்மாவும் கேட்கட்டும் என்று அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு "ம்" மட்டும்தான் வருகிறது. எழுதும்போது அந்தத் தொந்தரவு இல்லை.

அம்மா அப்படியேதான் இருக்கிறாள். வலது கை இன்னும் தூக்கவில்லை. குளிர் அதிகமானதால் மதியம்தான் குளிப்பாட்டுகிறேன். பேச்சு வருகிற ஐந்தாறு வார்த்தைகளில் உன் பெயரும் ஒன்று. தண்ணீர் வேண்டும் என்றாலும் "வசு" என்கிறாள், என்னைக் கூப்பிடவும் "வசு" என்கிறாள். நானும் "என்னம்மா" என்று போய்விடுகிறேன்.

போன புதன்கிழமை கணக்கு டீச்சரை ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பார்த்தேன். அப்பளம் வாங்க வந்திருந்தார். நான் தேங்காய் மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அவரே பார்த்துவிட்டார். "மேகலா, ரெண்டு வருஷமாச்சு. எப்ப வர்ற?" என்றார். ஏப்ரலில் அக்கா வந்துவிடுவாள் என்றேன். "இந்த ஏப்ரல்னா என் பேச்சுக்கு எடுத்துப்பாங்க. அடுத்த வருஷம் நான் ரிட்டயர். அப்புறம் உனக்காகப் பேச ஆள் இருக்காது, பார்த்துக்கோ" என்றார்.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே வருஷம்டி. கோர்ஸ் முடிச்சதும் அம்மாவை நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படி" என்றாய். கோர்ஸ் முடிந்ததும் நாசிக் வேலை வந்தது. ஒரு அறுவடை மட்டும் பார்த்துவிட்டு ஏப்ரலில் வந்துவிடுவேன், இங்கே ஏதாவது ஹோட்டலில் மாலை ஷிஃப்ட் வாங்கிக்கொள்வேன் என்றாய். சரி என்றேன். இப்போதும் சரிதான். தேதியை மட்டும் எழுது.

அன்புடன் தங்கை
மேகலா


நாசிக்
16 ஜனவரி 2025

என் செல்லத் தங்கைக்கு,

அது கம்பெனி லேப்பில் திராட்சை நசுக்கிப் பார்த்த விரல். கழுவினாலும் போகாது. இங்கே எல்லோருடைய நகமும் அப்படித்தான் இருக்கிறது. ஏப்ரல், ஏப்ரல் என்று எழுதியிருக்கிறாய். கண்டிப்பாக வருகிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதி சொல்கிறேன்.

இந்த ஊரைப் பற்றிக் கேட்டாயே. உனக்குப் பாடம் மாதிரியே எழுதுகிறேன். நாசிக்குக்கு இரண்டு முகம். கோதாவரிக் கரையில் பஞ்சவடிப் பக்கம் போனால் கோயில், மணி, பூக்கடை, மொட்டை அடித்த தலைகள். ஊருக்கு வெளியே அணைக்கட்டுப் பக்கம் வந்தால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் திராட்சைப் பந்தல். நடுவில் தொழிற்பேட்டை, வெங்காய மண்டி. ஆனாலும் ஊரை நடத்துவது திராட்சைதான். மருந்துக்கடை என்று போர்டு பார்த்துத் தலைவலி மாத்திரை கேட்கப் போனேன். கொடிக்கு அடிக்கிற மருந்து விற்கிற கடை அது. பிளாஸ்டிக் கூடை செய்கிறவர், கொத்துக்குச் சுற்றும் காகிதம் விற்கிறவர், பிக்கப் வண்டிக்காரர், எல்லோருக்கும் சோறு அந்தக் கொடியில்தான். எங்கள் தோட்ட மேனேஜர் வீட்டில் கல்யாணத் தேதியைக்கூட அறுவடை பார்த்துத்தான் குறித்தார்களாம். ஒரு நாள் ஆலங்கட்டி மழை பெய்தால் போதும், ஊர் முழுக்கத் துக்க வீடு மாதிரி ஆகிவிடும்.

தின்கிற திராட்சை வேறு, ஒயின் திராட்சை வேறு. தின்கிறது பெரிதாக, தோல் மெல்லிசாக இருக்கும். வெளிநாட்டுக்குப் போகிற கொத்துக்கு ஒவ்வொன்றாகக் காகிதச் சட்டை போட்டு வளர்க்கிறார்கள். ஒயின் திராட்சை சுண்டைக்காய் அளவுதான். தோல் தடிப்பு, உள்ளே முழுக்கக் கொட்டை. வாயில் போட்டால் துப்பத் தோன்றும். வெயில் ஏறுவதற்குள் வெட்டி, கூடையில் அடுக்கி, ஆலைக்கு வந்துவிட வேண்டும்.

சனி, ஞாயிறு வந்தால் மும்பை, புனே நம்பர் கார்கள் வரிசை கட்டி நிற்கும். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆலையைச் சுற்றிக் காட்டி, பிறகு ஐந்து கிளாஸ் வைத்து, "மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள், கொய்யாப்பழ வாசனை வருகிறதா?" என்று இங்கிலீஷில் கேட்க வேண்டும். வராவிட்டாலும் வருகிறது என்பார்கள். போன வாரம் ஒன்றில் எனக்கு அம்மாவின் மிளகு ரசம் வாசனை வந்தது. சொன்னேன். ஒரு அம்மாள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

நான் குடிப்பதில்லை. வாயில் வைத்துத் துப்பிவிடுவோம். அப்பா நம்ப மாட்டார். சிவஞானம் பெரியப்பா குடித்தே செத்த பிறகு அவருக்கு அந்த வார்த்தையே ஆகாது. அவருக்கு ஒயின் என்றால் ஒயின்ஷாப்தான். அதனால் நம் வீட்டில் இது ஜூஸ் கம்பெனியாகவே இருக்கட்டும். தெரிந்தால் அடுத்த ரயிலில் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். உன் வாயில் இருந்து எதுவும் வராது என்ற தைரியத்தில்தான் உனக்கு மட்டும் சொன்னேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா
வசுமதி


ஆர்.கே.புரம்
2 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஊர் இங்கேயும் வந்துவிட்டது. ஐ.என்.ஏ. வாசலில் தள்ளுவண்டிக்காரர் "நாசிக் கா அங்கூர், நாசிக் கா அங்கூர்" என்று கத்துகிறார். சேஷன் மாமா கடையில் காபித்தூள் அரைத்து வாங்கிக்கொண்டு வரும்போது அவரிடம் கால் கிலோ திராட்சை வாங்கினேன். "பையா, மீட்டா ஹை?" என்று கேட்டேன். நான் ஒரு ஆளிடம் வாயைத் திறந்து கேட்டது அந்த வாரத்திலேயே அதுதான். "தேன் மாதிரி இருக்கும், மகளே" என்றார். தோலை உரித்து, கொட்டையை எடுத்து, அம்மாவுக்கு ஊட்டினேன். ஆறு சாப்பிட்டாள்.

இப்போது ஒரு சங்கடம். மலை மந்திர் முருகன் கோயிலில் அப்பா எல்லோரிடமும் பெரிய பெண் நாசிக்கில் பழரசக் கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார் அல்லவா. தைப்பூசத்துக்கு நீர்மோர்ப் பந்தல் பொறுப்பு சங்கத்து அனந்தகிருஷ்ணன் மாமாவுடையது. நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். "சதாசிவம், மோர் எல்லாரும் குடுக்கறா. இந்தத் தடவை பக்தாளுக்கு நம்ம வசுமதி கம்பெனி ஜூஸ் குடுப்போமே. ரெண்டு பெட்டி அனுப்பச் சொல்லேன். முருகனுக்கும் ஒரு டம்ளர் நைவேத்தியம் பண்ணிடலாம்" என்றார்.

நான் டீ டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். டீயை மேலே கொட்டிக்கொண்டேன். முருகனுக்கு ஒயின். அப்பா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. "கேட்டுப் பார்க்குறேன் சார்" என்றார்.

நீ ஏதாவது சொல்லித் தடுத்துவிடு. பொய் சொல்வது எனக்கு வராது, சும்மா இருப்பதுதான் வரும்.

இன்னொன்று கேட்க வேண்டும். கார்களில் வருகிறவர்களைப் பற்றி எழுதினாய். வெயில் ஏறுவதற்குள் வெட்டுகிறவர்கள் யார்? அவர்கள் பெயர் ஒன்றுகூட உன் கடிதத்தில் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்களா?

டிக்கெட் எடுத்துவிட்டாயா?

மேகலா


நாசிக்
8 பிப்ரவரி 2025

மேகலாக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அப்புறம் பயம் வந்துவிட்டது. அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டேன், கம்பெனியில் வெளியாருக்குப் பெட்டி கொடுக்க மாட்டார்கள் என்று. "அச்சா, அச்சா, விடு" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. தப்பித்தோம்.

வெட்டுக்கு வருகிறவர்கள் மலைக் கிராமத்துப் பெண்கள். பிக்கப் வண்டியில் நின்றுகொண்டே வருவார்கள். கையில் சின்னக் கத்திரி, தலையில் துணி. பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டுவார்கள், மராத்தியும் இல்லாத ஒரு பாஷை. பெயர் கேட்டதில்லை, நான் இருக்கும் கட்டடம் வேறு. மூன்று மாதத்துக்குப் பெரிய பெண்பிள்ளைகளையும் கூட்டி வந்துவிடுகிறார்கள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள. பள்ளிக்கூடம் பற்றித் தெரியவில்லை.

உனக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். கொடியை வருடத்தில் இரண்டு முறை கிளை கழித்து வெட்டுகிறார்கள். ஏப்ரலில் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று. ஏப்ரல் வெட்டுக்குப் பிறகும் கொடி துளிர்க்கும், பூவும் வைக்கும். வைத்தால் கிள்ளி எறிந்துவிடுவார்கள். அந்தத் துளிர் பழத்துக்கு இல்லை, கொம்பு பலப்படுவதற்கு மட்டும். மழைக்குப் பின் வெட்டுகிறார்களே, அதில் வருவதுதான் பழம். மேனேஜர் சொன்னார்: "ஏப்ரல் தளிரைப் பார்த்துப் பாவப்பட்டால் ஜனவரியில் கையில் ஒன்றும் இருக்காது."

எனக்கு இங்கே நல்ல பெயர். நான் சொல்லும் வாசனையைத் தலைமை ஒயின்காரர் குறித்து வைத்துக்கொள்கிறார். ஏதோ ஒரு பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம். இருக்கட்டும், பார்ப்போம்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. அறுவடை முடிகிற நாள் தெரிய வேண்டும்.

உன் வசு


ஆர்.கே.புரம்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி கொடுக்க மாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ஆனால் தைப்பூசத்துக்கு முதல் நாள் அப்பா ஆட்டோவில் இரண்டு பெட்டி கொண்டுவந்து இறக்கினார். திராட்சை ஜூஸ், காகித டப்பா. "அக்கா அனுப்புனது" என்றார். நீதான் மனம் மாறி ஏற்பாடு செய்தாய் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் இருந்த காகிதத்தை அப்பாவே தண்ணீர் தொட்டுத் தேய்த்து உரித்தார். ஏன் என்று கேட்டேன். "கோயிலுக்கு விளம்பரம் எதுக்கு" என்றார்.

மலை மந்திர் படிக்கட்டு முழுக்கக் காவடி. அம்மாவோடு இருக்க வேண்டும் என்று நான் கீழேயே அரை மணி நேரம்தான் நின்றேன். அனந்தகிருஷ்ணன் மாமா மைக்கில், "இந்தப் பழரசம் செல்வி வசுமதி சதாசிவம் உபயம்" என்று மூன்று தடவை சொன்னார். எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர் என்னைக் காட்டி, "இது?" என்றார். "சின்னது. வீட்டுல அம்மாவுக்குத் துணையா இருக்கு" என்றார் அப்பா.

நீதானே அனுப்பினாய்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

மலைக் கிராமத்துப் பெண்களிடம் பெயரைக் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வராது, உனக்கு வரும்.

பிப்ரவரி பாதி முடிந்துவிட்டது. டீச்சர் ஏப்ரல் முதல் வாரம் படிவம் கொடுப்பார்கள் என்று சுஜாதா அக்காவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். பழைய பையைத் துவைத்துக் காயப் போட்டேன். ஜிப் கெட்டுப்போயிருந்தது. தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

மேகலா


நாசிக்
12 மார்ச் 2025

அன்பு மேகலாவுக்கு,

ஒரு மாதம் எழுதவில்லை. கோபம் இருக்கும். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பெட்டி நான் அனுப்பவில்லை. அப்பா எங்கேயோ வாங்கியிருப்பார், மானம் போகக் கூடாது என்று. அதை விடு.

முக்கியமான விஷயம். என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதோடு, சுவை பார்க்கும் பயிற்சிக்கு இரண்டு பேரைத்தான் எடுத்திருக்கிறார்கள், அதில் நான் ஒருத்தி. ஒரு வருடப் பயிற்சி, ஏப்ரல் முதல் வாரம் ஆரம்பம். பெண்பிள்ளை, அதிலும் மதராஸி, நாக்கை நம்பி எடுத்திருக்கிறார்கள். இப்போது விட்டுவிட்டு வந்தால் இந்த வாசல் மறுபடி திறக்காது. நீயே சொல், நான் என்ன செய்வது?

இன்னும் ஒரு வருடம், மேகி. அடுத்த ஏப்ரல் சத்தியமாக. அதுவரை நீ வீட்டில் இருந்தபடியே திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாமே. புத்தகம் நான் வாங்கி அனுப்புகிறேன். அம்மா தூங்கும்போது படிக்கலாம். உனக்குக் கூட்டம் பிடிக்காது, பள்ளிக்கூடத்தில் பேசவே மாட்டாய், உனக்கு அதுதான் வசதியாகவும் இருக்கும். எனக்கு உன்னளவு பொறுமை கிடையாது, அம்மாவை உன்னைப் போல என்னால் பார்த்துக்கொள்ளவும் முடியாது. உள்ளதைச் சொல்கிறேன்.

அப்பாவிடம் பயிற்சி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என்ன பயிற்சி என்று தெரிய வேண்டாம். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

உன் அக்கா


ஆர்.கே.புரம்
18 மார்ச் 2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். பொய்யாகச் சொல்லவில்லை. உன் பெயரை அந்தப் பட்டியலில் எழுதினார்கள் என்று படித்தபோது ஒரு நிமிடம் எனக்கே கொடுத்த மாதிரி இருந்தது. அடுத்த வரியைப் படித்ததும் அது போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் பேச மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். பேசாமல் இருப்பதற்கும் அங்கே இடம் இருந்தது. மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். யாரும் என்னை மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை. கணக்கு சரியாக வந்தால் டீச்சர் நோட்டில் ஒரு கோடு போடுவார், அவ்வளவுதான், அது போதுமாக இருந்தது. அம்மா தூங்கும்போது படி என்கிறாய். அம்மா தொடர்ந்து நாற்பது நிமிடம் தூங்கினால் அது பெரிய தூக்கம். நீ கடைசியாக அம்மாவோடு முழுதாக ஒரு பகல் இருந்தது எப்போது?

உன் கொடியைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். ஜூஸுக்கும் திராட்சைதானே, சந்தேகப்பட மாட்டார் என்று கேட்டேன். அவர் சின்ன வயதில் கம்பம் ஊரில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனவர் இல்லையா. "அங்கெல்லாம் ஒரு வெட்டைத்தான் பழத்துக்கு விடுவாக. நம்ம பக்கம் அப்படி இல்ல. எந்த வெட்டா இருந்தாலும் பழம் எடுப்போம், ரெண்டும் காய்க்கும்" என்றார். இரண்டையும் காய்க்க விடுகிற ஊரிலிருந்து வந்தவர்கள்தான் நாம். நீ நாசிக்குக்குப் போனதும் அந்த ஊர் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டாய். நான் ஏப்ரல் வெட்டு. பூத்தால் கிள்ளிவிட வேண்டியது, கொம்பு பலப்பட்டால் போதும்.

இந்த வரியை அடித்துவிடப் பேனாவை வைத்தேன். ஆனாலும் அடிக்கப்போவதில்லை.

அக்கா, நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நீயே எழுதினாய், அடுத்த ரயிலில் வந்து இழுத்துக்கொண்டு போவார் என்று. ஒன்பது மாதமாக அதை வாய்க்குள் வைத்திருக்கிறேன். உனக்காக முருகன் முன்னால்கூட வாயை மூடிக்கொண்டு நின்றேன். எனக்காக நீ ஒன்று செய். வர வேண்டாம். அப்பாவிடம் போனில், "மேகலாவைப் பள்ளிக்கு அனுப்புங்கள், அம்மாவுக்கு வேறு ஏற்பாடு செய்வோம், நான் பொறுப்பு" என்று சொல். அவர் நீ சொன்னால் கேட்பார். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை, எல்லோரும் கேட்கட்டும். மார்ச் முடிவதற்குள் சொல்.

சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். இப்படி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அடிக்காமல் அனுப்புகிறேன்.

மேகலா


பூசா ரோடு
7 ஏப்ரல் 2025, திங்கட்கிழமை

அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மார்ச் கடைசி வரைக்கும் ஒவ்வொரு மாலையும் சுஜாதா அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். "இல்லடி கண்ணு" என்பார். நீ வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தாய். இரண்டு தடவையும் அம்மாவுக்கு வெயில் தாங்குகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய்.

நேற்று ஞாயிறு. மத்தியானம் அப்பா டீ குடித்துக்கொண்டு பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றேன். ரொம்ப நேரம் நின்றிருப்பேன் போல. "என்ன, சர்க்கரை தீந்துருச்சா?" என்றார்.

"அப்பா, அக்கா இருக்கிறது ஜூஸ் கம்பெனி இல்லை."

பேப்பரை இறக்கவே இல்லை. "தெரியும்" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "ஒயின் கம்பெனி" என்றேன்.

"தெரியுங்குறேன்ல. அவ ஆர்டர் வந்த அன்னிக்கே ஆபீஸ்ல சிவகுமார் கம்ப்யூட்டர்ல கம்பெனி பேரைப் போட்டுப் பார்த்தான். போட்டோவோட வந்துச்சு."

"பெரியப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கும் இதுக்கும் என்ன? அண்ணன் குடிச்சுச் செத்தாரு. இவ குடிக்கவா போயிருக்கா, வேலைக்குப் போயிருக்கா. கல்யாணம் முடியுற வரைக்கும் நாலு பேருக்கு ஜூஸுன்னு இருக்கட்டும். அந்த ரெண்டு பெட்டியையும் ஐ.என்.ஏ.ல போய் நாந்தான வாங்கியாந்தேன்."

"அக்காவுக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?"

"தை மாசம் நான் பெட்டி வாங்குனப்பவே சொல்லிட்டேன். சும்மா பயந்துக்கிட்டு இருந்துச்சு."

தை மாதம். அதற்குப் பிறகுதான் நீ எழுதினாய், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம், உன்னைத்தான் நம்பியிருக்கிறேன் என்று.

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லலை?"

அப்பா அப்போதுதான் பேப்பரை மடித்தார். கோபமாக இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிரியமாகவே சொன்னார். "உங்கிட்டச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? நீ யார்கிட்ட வாயத் திறக்கப்போற? அவ இந்த வருஷமும் வரமாட்டா, ஆத்தா. போன மாசமே சொல்லிருச்சு. மேகலாவுக்கு நான் பக்குவமா எழுதிக்கிறேன்னுச்சு. வீட்டுல ஒண்ணாச்சும் மேல வரட்டும். உங்கம்மாவை உன்னைய மாதிரி யாரு பார்ப்பா, சொல்லு?"

ஆக, நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது ரகசியமே இல்லை. அது என்னைச் சும்மா இருக்க வைக்க எனக்குக் கொடுத்த வேலை. நீயும் அப்பாவும் எப்போதோ பேசி முடித்துவிட்டீர்கள். நான் மட்டும் ஜிப் தைக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அம்மா உள்ளே விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்குப் பேச்சுதான் வராது, காது நன்றாகக் கேட்கும்.

நேற்று மாலை ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். எந்த மாத்திரை எப்போது, சாப்பாடு எவ்வளவு குழைய வேண்டும், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், டயப்பர் எங்கே இருக்கிறது. பீரோக் கதவில் ஒட்டினேன். பிறகு படிவத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். டீச்சர் சனிக்கிழமை அனுப்பியிருந்தார். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினேன். அது எதற்கு என்று சொன்னேன். அம்மா தாளைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். பேனாவை இடது கையில் பிடிக்க வைத்தேன். "ஜெ" மட்டும் தெரிகிறது, மீதி ஒரு கோடாக ஓரம் வரைக்கும் போய்விட்டது. இது செல்லுமா என்று தெரியவில்லை. அவள் எழுதியது அதுதான்.

இன்று காலை அப்பா ஷேவ் செய்துகொண்டிருக்கும்போது செருப்பைப் போட்டேன். "எங்க?" என்றார்.

"பள்ளிக்கூடம். ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு மாத்திரை. தாளில் எழுதியிருக்கேன்."

"ஏய், எனக்கு ஆபீஸ் இருக்கு."

"லீவு போடுங்க."

அவரிடம் நான் இப்படிப் பேசியதே இல்லை. கன்னத்தில் பாதி சோப்போடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் படியிறங்கிவிட்டேன். மாலை திரும்பிப் போனால் என்ன நடக்கும் என்று தெரியாது. நாளைக்கும் லீவு போடுவாரா, நாளைக்கு அம்மாவை யார் திருப்பிப் படுக்க வைப்பார்கள், அதுவும் தெரியாது. பேருந்தில் வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு நிறுத்தத்தில் இறங்கப் பார்த்தேன்.

உன் கடிதங்களை அப்பாவின் மேசையில் வைத்துவிட்டேன். இனி சுஜாதா அக்கா விலாசத்துக்கு எதுவும் அனுப்பாதே. எனக்கும் எழுத வேண்டாம். அம்மாவுக்கு எழுது. அப்பா படித்துக் காட்டட்டும்.

இதைப் பள்ளி அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று உனக்குப் பயிற்சி ஆரம்பம் என்று நினைக்கிறேன். நன்றாகச் செய். ஜன்னலைத் திறக்கிறார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள். போய் வரிசையில் நிற்கிறேன்.

மேகலா